ஒரு ஆள் நிற்கிற இடம்

தம்பி, நீ என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. கடைசியாகப் பேசியபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "அவளை எதுக்கு அனுப்பிவச்சீங்க?" சாதாரணமாக நீ என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவாய். கோபம் வந்தால் மட்டும் 'ங்க' வரும். உன் அப்பாவுக்கும் அதே பழக்கம்தான். நான் போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டே இருந்தேன். நீ வைத்துவிட்டாய். ஜெர்மனியில் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, உன் அம்மாவே உன் குடும்பத்தைப் பிரித்துவிட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். உன் மனைவியோடும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லையாம், சொன்னாள். அவள் மேல் கோபப்படாதே. பெங்களூருக்குப் போகச் சொன்னது நான். ஏன் சொன்னேன் என்பதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

இதை ஒரு கவரில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம், பத்திரிகைக்கு அனுப்பியிருக்க வேண்டாம். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் நம் வீட்டில் நடந்ததை நான் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் மட்டும் சொன்னால் அது மறுபடியும் நம் இரண்டு பேருக்குள்ளேயே மூடிக்கொள்ளும். பெயர் எதையும் எழுதவில்லை. உன் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், நானும் சரி என்று பேனாவை மூடிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நீ கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால், சித்திரை மாதத்தில், கொள்ளிடத்து மணலில் நாம் படம் எடுத்துக்கொண்டோமே, அங்கிருந்து தொடங்குகிறேன். "நான் போறதுக்கு முன்னாடி நாம எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல படம் எடுத்துக்கணும்மா. அப்பாவும் அதுல இருக்கணும்" என்றாய். உன் கல்யாணத்துக்கு எட்டு மாதம் முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மேடையில் ஒரு நாற்காலியில் அவர் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தோம். தாலி கட்டும்போது நீ அந்த நாற்காலியைப் பார்த்து அழுததை மண்டபமே பார்த்தது. அதனால் நீ கேட்டபோது எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. இறந்தவர்களைக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் நிற்கவைத்துத் தருவார்கள் என்று நீ சொன்னாய். இப்போது எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு படம் தொங்குகிறது. நம் வீட்டிலும் தொங்கினால் என்ன என்றுதான் நினைத்தேன்.

காரில் போகும்போது நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ வண்டியை ஓட்டிக்கொண்டே, பின்னால் இருந்த உன் மனைவியிடம் பேசினாய். "நான் யோசிச்சுட்டேன். நீ பெங்களூர்ல தனியா இருக்க வேணாம். வேலைய விட்டுட்டு இங்க அம்மாகூட இரு. ஒரு வருஷத்துல விசா வாங்கி உன்னக் கூப்ட்டுக்கறேன். அம்மாவுக்கும் துணையாச்சு." எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. இனிமேல் சாயங்காலத்தில் பேச்சுக்கு ஒரு ஆள் இருக்கும், காபிக்கு இரண்டு டம்ளர் வைக்கலாம் என்று நினைத்தேன். பின்னால் ஒரு பெண் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இது என் முதல் தப்பு. இன்னும் இருக்கின்றன, வரிசையாகச் சொல்கிறேன்.

படம் எடுக்க வந்தது திருச்சி மன்னார்புரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், பேண்ட் முழங்கால் வரை சுருட்டிவிட்டிருந்தாள். நாம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "இன்னும் முக்கா மணி நேரம் பொறுத்துக்கங்க. சூரியன் நல்லா எறங்கட்டும். அப்பத்தான் முகத்துல கண்டபடி நிழல் விழாது. ஆனா அதுக்கப்புறம் நமக்குக் கெடைக்கறது இருவது நிமிஷம்தான், பாத்துக்கங்க" என்றாள். பாலத்தின் நிழலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆற்றில் தண்ணீர் என்று பார்த்தால் எதிர்க்கரையோரம் ஒரு கோடு மாதிரி ஓடியது, மற்றதெல்லாம் மணல். நீ நல்ல உற்சாகத்தில் இருந்தாய். அப்பாவைப் பற்றி உன் மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாய்.

"நான் அஞ்சாவது படிக்கறப்பவே அப்பா எங்கிட்ட வீட்டுச் சாவியக் குடுத்துட்டாரு. கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுவிட்டாரு. ஸ்கூல் விட்டு வந்து நான்தான் பூட்டத் தொறப்பேன். எம்மேல அவ்ளோ நம்பிக்கை அவருக்கு."

அவள் மணலை அளைந்துகொண்டே கேட்டாள். "அப்ப அத்தைகிட்ட சாவி இல்லையா?"

நீ சிரித்தாய். "அம்மா எங்க போகப்போறாங்க?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பாலத்தில் போகிற பஸ்ஸைப் பார்த்தேன்.

வெயில் சாய்ந்ததும் அந்தப் பெண் நம்மை மேற்குக்கு முதுகு காட்டி நிற்கவைத்தாள். நீ இடது கோடியில், பக்கத்தில் உன் மனைவி, அப்புறம் நான். "அம்மா, உங்க வலது பக்கம் ஒரு ஆள் நிக்கற எடம் விடுங்க. அங்கதான் ஐயா வருவாங்க" என்று சொல்லி, செருப்பு நுனியால் மணலில் ஒரு கோடு இழுத்தாள். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் பின்னால் போய்க் கேமராவைத் தூக்கியபோது, நான் நின்ற இடத்தில் இல்லை. உன் மனைவியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். வேண்டுமென்று செய்யவில்லை. கால் தானாக அந்தப் பக்கம் போயிற்று. அவள் சரி செய்தாள். மறுபடியும் நகர்ந்துவிட்டேன், இந்த முறை வலது பக்கமாக, அந்த இடத்தையே அடைத்துக்கொண்டு. மூன்றாவது முறை நீ பொறுமை இழந்தாய். "என்னம்மா இது, அப்பா நிக்கற எடத்துல போய் நிக்கறீங்க? வெளிச்சம் போயிட்டிருக்கு. அசையாம நில்லுங்க." உன் மனைவி கொஞ்சம் விலகி முந்தானையைச் சரி செய்யப் போனாள். அவளையும், "நீயும்தான். நகராத" என்றாய். ஒரே மூச்சில் இரண்டு பேருக்கும் சொன்னாய்.

அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். உங்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள். "அம்மா, உங்களுக்கு மனசில்லன்னா சொல்லுங்க. கேமராவுல ஏதோ கோளாறுன்னு சொல்லிட்டு நான் மூடிடறேன். இன்னொரு நாள் பாத்துக்கலாம்." யாரென்றே தெரியாதவள். பத்து நிமிஷம் கேமரா வழியாகப் பார்த்ததில் அவளுக்குப் புரிந்திருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எடுங்க." வாழ்க்கையில் எனக்காக யாராவது ஒரு வழியைத் திறந்துவிட்டால், அதை நானே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வேன். எனக்கு அப்படியே பழகிவிட்டது.

அப்புறம்தான் நீ காரிலிருந்து அந்தச் சட்டையை எடுத்துவந்தாய். அவருடைய சந்தன நிறச் சட்டை. இந்த வெளிச்சம் அந்தத் துணியில் எப்படி விழுகிறது என்று பார்த்தால்தான் பிறகு ஒட்டுவது இயல்பாக இருக்கும் என்று அந்தப் பெண் முன்னமே கேட்டிருந்தாளாம். லைட் மாட்டுகிற ஸ்டாண்டை அப்பாவின் உயரத்துக்கு இழுத்துவிட்டு, அதில் சட்டையை மாட்டி, எனக்குப் பக்கத்தில் மணலில் குத்தி நிறுத்தினாய். ஆற்றுக்காற்று சட்டைக்குள் புகுந்து ஊதியது. தோள், மார்பு எல்லாம் வந்துவிட்டது, தலை மட்டும் இல்லை. ஒரு காற்று பலமாக அடித்து, இடது கை தூக்கி வந்து என் புறங்கையில் பட்டது. துணிதான். தொட்டவுடன் நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன், இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டேன், தாடையைக் கொஞ்சம் தாழ்த்திச் சிரித்தேன். "சூப்பர்ம்மா! அப்படியே, அப்படியே!" என்று நீ கத்தினாய். அந்தப் பெண் எடுத்துக்கொண்டே இருந்தாள். நீ தேர்ந்தெடுத்தது அந்த நிமிஷத்தைத்தான். சொந்தக்காரர்கள் எல்லாம் போன் செய்து, எவ்வளவு அழகாகச் சிரித்திருக்கிறீர்கள் என்கிறார்கள்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்லவேண்டும்.

உன் அப்பா கெட்டவர் என்று நான் எழுத வரவில்லை. பள்ளியில் கணக்கு வாத்தியாராக அவரைக் கும்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று நீயும் பார்த்திருக்கிறாய். எனக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் லீவு போட்டுவிட்டு, கஞ்சி காய்ச்சி ஊட்டியவர் அவர்தான். கை ஓங்கியதில்லை. அதனாலேயே எனக்கு நடந்ததற்குப் பெயர் வைக்கத் தெரியாமல் போயிற்று. கல்யாணமான மூன்றாம் மாதம், ஒரு நாள் மத்தியானம் கறிவேப்பிலை வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். துறையூர்ப் பக்கம் வெங்காயக் காட்டில் ஓடித் திரிந்தவள் நான், கடைக்குப் போவதெல்லாம் ஒரு விஷயம் என்றே தெரியாது. கடைக்காரம்மாவோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அன்று பள்ளியில் அரை நாளாம், அவர் சீக்கிரம் வந்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. நான்கு நாள் பேசவே இல்லை. ஐந்தாம் நாள் காலை டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு வெளியே போனவர், கிரில் கேட்டை இழுத்து வெளியே பூட்டினார். "காலம் கெட்டுக் கெடக்கு. உள்ள பத்திரமா இருங்க" என்றார். அந்த 'ங்க'வை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

ஒரு வாரம் என்று நினைத்தேன். நீ பிறந்தாய், நடந்தாய், பள்ளிக்கூடம் போனாய். பூட்டு மாறவில்லை. கேஸ்காரர் மணியடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று போய்விடுவார். நான் உள்ளேதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். குரல் கொடுத்தால் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். வைகுண்ட ஏகாதசிக்கு ஊர் ஊராக ஜனங்கள் நம் தெரு வழியாகத்தான் நடந்து போவார்கள். ஸ்ரீரங்கத்திலேயே இருந்துகொண்டு நான் அந்தக் கூட்டத்தைச் சத்தமாகத்தான் அறிவேன். கூட்டம் வடிந்த பிறகு ஒரு நாள் அவர் ஸ்கூட்டரில் கூட்டிப்போவார், கூட்டிவருவார். யாராவது கேட்டால், "அவருக்கு எம்மேல அவ்ளோ அக்கறை" என்று நானே சொல்வேன். பத்துத் தடவை சொன்ன பிறகு எனக்கே அது நிஜம் மாதிரி இருந்தது.

நீ ஐந்தாவது போனதும் சாவியை உன் கழுத்தில் போட்டார். என் கையில் கொடுக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை வந்து திறந்துவிட்டால்தான் எனக்கு வாசல். உனக்கு அது உறுத்திவிடக் கூடாதே என்று, நீதான் இந்த வீட்டுக்கு வாட்ச்மேன் என்று ஒரு விளையாட்டை நான் கட்டிவிட்டேன். இரண்டாவது தப்பு இது. மற்றதை எல்லாம்விட இதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. ஒரு நாள் கஞ்சி வடிக்கும்போது பானை சாய்ந்து என் வலது பாதத்தில் கொட்டியது. மணி பதினொன்றே கால். பக்கெட் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அம்மா துணி துவைக்கிற சத்தம் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. நீ நாலேகாலுக்கு வந்தாய். "வாட்ச்மேன் வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து, என் காலைப் பார்த்து நின்றுவிட்டாய். "இப்பத்தாண்டா கொட்டிக்கிட்டேன். ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் வந்தபோதும் நான்கு மணிக்குத்தான் கொட்டியது என்று சொன்னேன். அவர் மனசு நோகக் கூடாது என்று. அந்தத் தழும்பை நீ பலமுறை பார்த்திருக்கிறாய். ஐந்து மணி நேரம் அதற்குள் இருப்பது உனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன வருஷம், ஒரு நாள் அவர் அவசரத்தில் பூட்ட மறந்துவிட்டார். பூட்டு கொண்டியில் சும்மா தொங்கியது. ஒன்பது மணிக்கே பார்த்துவிட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் போனேன். தெருவில் வெயில், ஒரு மாடு, இரண்டு சைக்கிள். கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வத்தக்குழம்பு வைத்தேன். சாயங்காலம் வந்தவர் தொங்குகிற பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கயும் போகலையா?" "இல்லங்க." அப்படியே திரும்பிப் போய் மல்லிகைப்பூ வாங்கிவந்து கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது தம்பி. இதை எழுதும்போதுதான் கை கூசுகிறது.

தினமும் சாயங்காலம் கேட் திறக்கிற சத்தம் கேட்டதும் முந்தானையைச் சரி செய்துகொண்டு, கைகளைக் கோத்துக்கொண்டு, ஹாலில் வந்து நின்று சிரிப்பேன். நான் இங்கேயேதான் இருந்தேன், எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்கிற சிரிப்பு. அவர் இறந்த பிறகு ஒருநாள் துணிந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி ஜங்ஷன் வரைக்கும் போனேன். கடைசி ஸ்டாப்பில் இறங்கத் தைரியம் வரவில்லை. அதே சீட்டில் உட்கார்ந்து, இன்னொரு டிக்கெட் எடுத்துத் திரும்பி வந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு மட்டும் போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கொள்ளிடத்தில் ஒரு காலிச் சட்டை தொட்டதும் வந்து நின்றது.

நீ கிளம்பும் முன் வாசல் கேட்டுக்கு மேலே ஒரு கேமரா மாட்டினாய். "ரெண்டு பேரும் பொம்பளைங்க, ஒரு பாதுகாப்புக்கு" என்றாய். நானும் தலையாட்டினேன். நீ போன முதல் வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் தாயார் சன்னதிக்குக் கிளம்பினோம். தெருமுனை தாண்டவில்லை, அவள் போன் அடித்தது. "எங்க கெளம்பிட்டீங்க?" உன் குரலில் கோபம் இல்லை, பிரியம்தான் இருந்தது. மறுநாள் அவள் பால் வாங்கப் போனபோது அடித்தது. தோழி ஒருத்தி பார்க்க வந்து போனபோது, "யாரு அது, ரெண்டு மணி நேரம் இருந்துட்டுப் போனாங்களே" என்று கேட்டாய். மூன்றாவது வாரம் அவள் வெளியே போகும்போது கேட்டின் ஓரமாக, சுவரை ஒட்டி நடக்க ஆரம்பித்தாள். ஏனென்று அவளுக்கே தெரியுமோ என்னமோ. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். ஒன்றாம் தேதிக்குள் வேலைக்குத் திரும்பவேண்டும், இல்லாவிட்டால் ராஜினாமா கடிதம் அனுப்பவேண்டும் என்று ஆபீஸில் கேட்டிருந்தார்கள். கடிதத்தை எழுதி வைத்திருந்தாள். "அனுப்பிடவா அத்தை?" என்று கேட்டாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்காமலேயே, "அவன் உன் நல்லதுக்குத்தானே சொல்றான், கேட்டுக்கம்மா" என்றேன். அவள் சரி என்று உள்ளே போனாள். இந்தத் தப்புக்கு எண் போட எனக்கு மனசில்லை. எல்லாம் தெரிந்தவள் செய்தது இது.

வியாழக்கிழமை படம் வந்தது. அவள்தான் அட்டையைப் பிரித்து, சோபாவில் சாய்த்து வைத்தாள். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். பொன் மாதிரி வெளிச்சம், பின்னால் மணல், நான்கு பேர். சட்டை தொங்கிய இடத்தில் உன் அப்பா நிற்கிறார். அவர் கை என் தோளில் இருக்கிறது. பள்ளி ஆண்டுவிழாவில் ஒரு மாணவன் தோளில் அவர் கை போட்டிருந்த படத்திலிருந்து அதை எடுத்ததாக நீ சொன்னாய். ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு பார்த்தோம். "இதுல நீங்க ரொம்ப நல்லா இருக்கீங்க அத்தை" என்றாள். "நீயுந்தாம்மா" என்று சொல்லிவிட்டு அவள் பக்கம் பார்த்தேன். கைகளை முன்னால் கோத்திருக்கிறாள். தாடை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. என் சிரிப்பு அப்படியே அவள் முகத்தில் இருக்கிறது. எனக்கு அது வர வருஷங்கள் ஆயிற்று. அவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதத்தில் வந்துவிட்டது.

"அன்னைக்கு மணல்ல என்ன நெனச்சுக்கிட்டு நின்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல அத்தை. வேலைய விடணும்னு கார்லதான் சொன்னாங்க. எல்லாரும் இருந்தீங்க. அதான் சிரிச்சேன்." பிறகு அவளே கேட்டாள். "மாமா உங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போவாங்களா?"

முப்பத்திரண்டு வருஷத்தில் யாரும் என்னை அந்தக் கேள்வி கேட்டதில்லை. ஆமாம் என்றேன். இப்போது உனக்கு எழுதியதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். கஞ்சி கொட்டியதைச் சொல்லும்போது எழுந்து வந்து என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "அந்த லெட்டர அனுப்பிட்டியா?" என்று கேட்டேன். "இல்ல அத்தை. நாளைக்கு அனுப்பலாம்னு இருந்தேன்." "அனுப்பாத. பெட்டிய எடுத்து வை" என்றேன். எனக்கே என் குரல் புதிதாகக் கேட்டது. அவள் பயந்தாள். "அவங்க கேட்டா என்ன சொல்றது?" "நான் சொன்னேன்னு சொல்லு. கேக்கறத எங்கிட்ட கேக்கட்டும்." ஞாயிற்றுக்கிழமை காலை ஜங்ஷன் வரைக்கும் போய் ரயிலேற்றிவிட்டேன். கேட் திறந்து பெட்டியோடு நாங்கள் போவதை நீ அங்கிருந்து பார்த்திருக்கிறாய். ஆட்டோவில் ஏறுவதற்குள் அவளுக்குப் போன் செய்துவிட்டாய், ரயில் போன பிறகு எனக்கு.

அந்தக் கேமராவை நான் தொடவில்லை. மாட்டியவன் நீ, உனக்கே தோன்றும்போது கழற்று. படத்தைப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அதை ஹாலில் மாட்ட என்னால் முடியாது. தூக்கி எறியவும் மாட்டேன். உனக்கு அவர் நல்ல அப்பா, அந்தப் படத்தில் உன் பங்கு உண்மைதான். வரும்போது எடுத்துக்கொண்டு போ. உன்னிடம் கேட்பது ஒன்றுதான். உன் மனைவிக்கு இன்றைக்கே போன் செய். எங்கே இருக்கிறாய் என்று ஆரம்பிக்காதே. வேலை எப்படிப் போகிறது, மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேள். அவளாகச் சொல்கிற வரைக்கும் மற்றதைக் கேட்காமல் இருந்து பார். முதலில் உனக்கு மூச்சு முட்டும். உன் அப்பாவுக்கும் அப்படித்தான் முட்டியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். எதற்காக அவ்வளவு பயந்தார் என்று ஒருநாளாவது நான் கேட்டிருக்கலாம். நீ பயந்தால் அவளிடம் பயமாக இருக்கிறது என்று சொல். அக்கறை என்று பெயர் மாற்றிச் சொல்லாதே. அந்தப் பெயரைச் சொல்லித்தான் நானும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் துறையூரில் இருக்கிற என் தங்கை வீட்டுக்குப் போகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வீட்டில் நான் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடவேண்டும், அதற்குத் தோதாக எந்த பஸ் என்று கேட்டேன். "ஏங்க்கா, திங்கக்கெழம போனா என்ன?" என்றாள். நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. திங்கட்கிழமைதான் வருகிறேன்.

அம்மா